வேப்பிலை கட்டிய வீடு

முதல் கல் கார்க் கண்ணாடியில் விழுந்தபோது டாக்டர் மரகதவல்லி போனில் அமைச்சரோடு பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி நொறுங்கி எங்கள் இருவர் மேலும் கொட்டியது. "ஒரு நிமிஷம் சார், இங்க கொஞ்சம் சத்தமா இருக்கு" என்று சொல்லி, மடியில் கிடந்த சில்லுகளைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். கழுத்திலும் கைகளிலும் பொட்டுப் பொட்டாக ரத்தம். அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

இரண்டாவது கல்லுக்கு டிரைவர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

என் பெயர் ஜெனிபர். மங்கையர்க்கரசி மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையில் செய்தித் தொடர்பாளர். மேடம் கண்டுபிடிப்பதை ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் சொல்வது என் வேலையில் பாதி. சொல்லாதே என்று அவர் சொல்வதைச் சொல்லாமல் இருப்பது மீதிப் பாதி. இரண்டாவது பாதிக்குத்தான் சம்பளம் என்று ஆபீசில் கேலி பேசுவார்கள்.

நாகலிங்கம்பாளையம் தறியும் சாயப்பட்டறையும் உள்ள ஊர். அன்று தறிச் சத்தமே இல்லை. பட்டறைக் காலனி முனையில் போலீஸ் ஜீப் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்துச் சாக்கடையில் ஒரு இளைஞன் குப்புற விழுந்து கிடந்தான். பின்மண்டை உள்ளே அமுங்கியிருந்தது. மேடம் போனை அணைத்துவிட்டுக் குனிந்து, அவன் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு விரலைத் தன் புடவையிலேயே துடைத்துக்கொண்டார்.

"யாரு இது?"

"அந்தப் பொண்ணோட புருஷனுங்க. கோகுல்" என்றார் இன்ஸ்பெக்டர் சித்தநாதன். கிழிந்து தொங்கிய காதைக் கைக்குட்டையால் அழுத்திப் பிடித்திருந்தார். "'என்ற பொண்டாட்டிய விடுங்கடா'ன்னு குறுக்கால பூந்தான். இரும்பு ராடுல ஒரே போடு. எங்க கண்ணு முன்னாலதானுங்க."

அவரிடம் எட்டுப் போலீஸ்காரர்கள் இருந்தார்கள். காலனிக்குள் ஆயிரம் பேராவது இருப்பார்கள். ஆற்றுமேட்டுத் தெருக்காரர்கள் வேறு அரிவாளும் சைக்கிள் செயினுமாக மறுபக்கத்திலிருந்து உள்ளே நுழையப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்தப் பெண், மோனிஷா. தறி ஓட்டுகிறவள், இருபத்தாறு வயது. காலனிக்காரர்கள் அவளை அவள் வீட்டிலேயே கட்டிலில் கட்டிவைத்திருந்தார்கள்.

"மேடம், நானும் படிச்சவன்தானுங்க. எனக்கே வெளங்கல. அந்தப் பொண்ணுகிட்ட அப்படி என்னதானுங்க இருக்குது?"

"மூச்சு" என்றார் மேடம்.

"புரியலீங்க."

"கரிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி ஒண்ணு செய்யற செலவுல ஒரு தெருவுக்கே ஒரு மாசம் சோறு போடலாம். எல்லாருக்கும் போட முடியாது. அதனால பரவற தடுப்பூசி செஞ்சோம். காய்ச்சல் எப்படிப் பரவுதோ அதே மாதிரி இதுவும் பரவும். ஊசி போட்டுக்கிட்டவர் ஆறு நாள் மூச்சுல அதை விட்டுக்கிட்டே இருப்பார். பக்கத்துல அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினா போதும், உங்களுக்கும் பாதுகாப்பு வந்துடும்."

"அப்ப நாம அடுத்தவங்களுக்குக் குடுக்கலாமுங்களா?"

"முடியாது. வாங்கினவங்ககிட்டயிருந்து பரவாது. ஊசி போட்டவங்ககிட்டயும் எல்லா உடம்புலயும் அது வளராது. பல ஆயிரத்துல ஒரு உடம்புதான் ஒத்துக்கும். இந்த ஊர்ல ரத்தம் எடுத்துப் பார்த்ததுல கிடைச்சது மோனிஷா மட்டும்தான்."

சித்தநாதன் கைக்குட்டையை மடித்து மறுபடி காதில் அழுத்திக்கொண்டார். "இதை மொதல்லயே ஊருக்குச் சொல்லியிருந்தா, வரிசையில வந்துட்டுப் போயிருப்பாங்களேங்க?"

மேடம் காலனிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பதிலை நான் சொல்கிறேன்.

மரகதவல்லி மேடம் கிருமி ஆராய்ச்சியில் பெயர் வாங்கியவர். முப்பத்தைந்து வயதில் சோதனைக்கூடத்தை விட்டுத் தலைமைச் செயலகத்துக்குப் போனார். ஒரு மருந்தைக் கண்டுபிடிப்பதைவிட அது கடைசி ஆளுக்குப் போய்ச் சேருவதுதான் கஷ்டம் என்பார். மூன்று அரசாங்கங்களுக்குச் சுகாதாரக் கொள்கை எழுதிக் கொடுத்தார். அங்கே ஆராய்ச்சிக்குக் காசு கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பேரனைக் கரிக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்த ஒரு நூல்மில் முதலாளியைப் போய்ப் பார்த்தார். துக்க வீட்டில் உட்கார்ந்தே அறக்கட்டளைக்குச் சம்மதம் வாங்கிவிட்டார் என்று சொல்வார்கள். சிலர் அதைத் திட்டுவதற்காகச் சொல்வார்கள். அந்தக் காசில்தான் இந்த ஊசி பிறந்தது.

அவருக்கு ஒரு மந்திரம் உண்டு: முதலில் அடக்கு, பிறகு விளக்கு. ஜனங்கள் பயந்தால் ஓடுவார்கள், ஆசைப்பட்டால் மிதிப்பார்கள். ஆகவே வேலை முடிகிற வரை வாயைத் திறக்காதே, முடிந்ததும் அறிக்கை விடு, சரியாகிவிடும். முப்பது வருஷமாக அவருக்கு அது பலித்தும் வந்தது. ஊசி போட்டவர்களின் பெயரை வெளியிடக் கூடாது, கேட்டால் அப்படி யாரும் இல்லை என்று சொல்ல வேண்டும் என்ற விதியை அவர்தான் எழுதினார். போன வாரம் இதே ஊரில் நிருபர்கள் கேட்டபோது, "இங்கே யாருக்கும் போடவில்லை" என்று மைக்கைப் பிடித்துச் சொன்னது நான்.

திட்டம் இதுதான்: மோனிஷா எப்போதும் போல வேலைக்குப் போவாள், சந்தைக்குப் போவாள், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவாள். ஆறு நாளில் யாருக்கும் தெரியாமல் பாதி ஊருக்குத் தடுப்பு வந்துவிடும். காய்ச்சல் பக்கத்து ஊர் வரை வந்துவிட்டிருந்தது. அவசரம்.

இரண்டாம் நாள் அவள் உடம்பில் சின்னச் சின்னதாகக் கொப்புளம் போட்டது. ஊசியின் குணம் அது. ஆபத்தில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் உடம்பில் கொப்புளம் போட்டால் இந்த நாட்டில் என்ன செய்வார்கள்? மாமியார் வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டாள். ஆத்தா வந்திருக்கிறாள் என்றால் அந்த வீட்டுக்குள் ஒரு ஈ காக்கை நுழையாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரை உறவுக்காரன்கூட வாசலோடு போய்விடுவான். எட்டு ஊர்களில் எட்டுப் பேருக்கு ஊசி போட்டிருந்தோம். எட்டு வீட்டிலும் வேப்பிலை. எட்டுப் பேரும் தனியாகப் படுத்து, விலைமதிப்பில்லாத மூச்சைச் சுவருக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஆபீசில் எல்லோரும் ஒரு காலத்தில் வீட்டில் வேப்பிலை கட்டியவர்கள்தான். மேடம் பொள்ளாச்சிக்காரர். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதாலேயே ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

விஷயம் தெரிந்ததும் மேடம் தன் மந்திரத்தின் இரண்டாம் பாதியை எடுத்தார். டி.வி.யில் தோன்றி, "வேப்பிலை கட்டிய வீட்டுக்குப் பயப்படாமல் போங்கள், குழந்தைகளோடு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்" என்று விளக்கினார்.

அன்று சாயங்காலமே கூத்து ஆரம்பித்துவிட்டது. பங்குனி மாதம், மாரியம்மன் கோயில் சாட்டுத் திருவிழா. எந்தத் தெருவில்தான் வேப்பிலை இல்லை? நிஜமான அம்மை கண்ட வீட்டுக் கதவை உடைத்து, படுக்கையிலிருந்த ஒரு பெரியவரை மிதித்தே கொன்றார்கள். தீர்த்தக்குடம் எடுத்து வந்த வேனில் வேப்பிலை கட்டியிருந்தது என்று அதை மறித்து, டிரைவர் முகத்தில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தார்கள். அவன் பயந்துபோய் வண்டியை எடுக்க, மூன்று பேர் சக்கரத்தில் போனார்கள். எட்டு ஊற்றுகளில் ஏழு பேர் அந்த வாரமே செத்தார்கள். ஊற்று என்பது ஜனங்கள் வைத்த பெயர். ஒருத்தியை இரண்டு தெருக்காரர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தே கொன்றார்கள். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

மோனிஷா மட்டும் உயிரோடு இருந்தாள், காலனிக்காரர்கள் முதலில் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டதால். அவளை எப்படியாவது வெளியே கொண்டுவரத்தான் மேடம் வந்திருந்தார்.

"நேத்தோட ஆறு நாள் முடிஞ்சுபோச்சு" என்றார் சித்தநாதனிடம். "இப்ப அவகிட்ட ஒண்ணுமே இல்லை. சும்மா கொல்லப் போறாங்க. நான் பேசறேன்."

"உள்ள போனா நான் பொறுப்பில்லீங்க."

"நீங்க எப்பத்தான் பொறுப்பா இருந்தீங்க?" என்று சொல்லிவிட்டு நடந்தார். நானும் பின்னால் போனேன். தைரியம் ஒன்றுமில்லை, எரிகிற ஜீப்புக்குப் பக்கத்தில் தனியாக நிற்கப் பயமாக இருந்தது.

வீட்டு வாசலில் தண்டபாணி நின்றார். எட்டுத் தறி வைத்திருக்கிறவர், காலனிச் சங்கத்தின் தலைவர். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கையில் இரும்பு ராடு. ராடின் முனையில் முடி ஒட்டியிருந்தது.

"வாங்க டாக்டரம்மா" என்றார். "டி.வி.யில பார்த்திருக்கேனுங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

இதுதான் கொங்குச் சீமை. வெட்டுவதாக இருந்தாலும் வாங்க என்று கூப்பிட்டுத்தான் வெட்டுவார்கள்.

ஒற்றை அறை. உள்ளே ஐம்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். கட்டிலில் மோனிஷா. கையும் காலும் நூல் கயிற்றால் கட்டியிருந்தது. யார் யாரோ அவள் முகத்தின் மேல் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது. அவள் உதடு கிழிந்திருந்தது. வாய் திறக்க மறுத்தபோது யாரோ விரலை விட்டுத் திறந்திருக்கிறார்கள். கண் மட்டும் எங்களைப் பார்த்தது.

"தண்டபாணி, இவளுக்கு நேத்தோட முடிஞ்சுடுச்சு. இனிமே இவ மூச்சும் உங்க மூச்சும் ஒண்ணுதான்" என்றார் மேடம். "விட்டுடுங்க."

"தெரியுமுங்க. ஆறு நாள் கணக்கு நீங்கதானே டி.வி.யில சொன்னீங்க." அவர் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு மருந்துக்கடைக்காரர் மடியில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் அறக்கட்டளையின் முத்திரை போட்ட பெட்டி. ஆரம்ப சுகாதார நிலையத்தை உடைத்து எடுத்து வந்திருந்தார்கள். "அதனாலதான் இன்னொரு ஊசி போடலாம்னு இருக்கறோம். இன்னும் ஆறு நாளைக்கு ஆகும். காலனியிலயே இன்னும் முக்கால்வாசிப் புள்ளைக பாக்கி."

மேடத்தின் முகம் அப்போதுதான் மாறியது. "கூடாது! இரண்டாவது தடவை போட்டா உடம்பு அதை அடையாளம் கண்டுக்கும். நுரையீரல்ல ரத்தம் நிரம்பிடும். அரை நாள் தாங்க மாட்டா."

"அப்படீங்களா?" தண்டபாணி மரியாதையாகவே கேட்டார். "போன வாரம் இந்த அம்மிணி"—என்னைக் காட்டினார்—"இந்த ஊர்ல யாருக்கும் ஊசியே போடலைன்னாங்க. அப்பறம் நீங்க வந்து போட்டிருக்கு, வேப்பிலை வீட்டுக்குப் போங்கன்னீங்க. இப்ப ரெண்டாவது போட்டா செத்துருவாங்கறீங்க. எதைத்தானுங்க நாங்க நம்பறது?"

"இதை நம்புங்க."

"என்ற மக போன வருஷம் போயிட்டாளுங்க. ரெண்டாம் கிளாஸ். உதடெல்லாம் கறுத்து, 'அப்பா மூச்சு, அப்பா மூச்சு'ன்னே போனா. இன்னொருத்தி இருக்கா, அந்தா நிக்கறா பாருங்க. நான் யாரையும் நம்பறதா இல்லீங்க." அவர் குரல் உடைந்தது. உடனே மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பி, "போடுய்யா" என்றார்.

மருந்துக்கடைக்காரர் ஊசியில் மருந்தை ஏற்றினார். மோனிஷா கட்டிலோடு துள்ளினாள். நான்கு பேர் அவள் மேல் விழுந்து அமுக்கினார்கள். "வேண்டாம்ணா, வேண்டாம்ணா" என்று அவள் கத்தியதை நான் இப்போதும் கேட்கிறேன். அமுக்கியவர்களில் ஒருவன் அவளோடு அதே பட்டறையில் தறி ஓட்டுகிறவன்.

"நிறுத்துங்க!" என்றார் மேடம். "அவ எதுக்கு? நான் இருக்கேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் நேத்து காலையில போட்டுக்கிட்டேன். என் உடம்பும் ஊற்றுதான். இன்னும் அஞ்சு நாள் இருக்கு." புடவைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டினார், கைகளை நீட்டிக் காட்டினார். கார்க் கண்ணாடி குத்திய புள்ளிகள் காய்ந்து, பொட்டுப் பொட்டாகச் சிவந்திருந்தன. "பாருங்க. போட்டிருக்கு."

மேடத்துக்கு யாரும் ஊசி போடவில்லை. அவர் உடம்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது என்பதைப் பத்து வருஷத்துக்கு முன்பே சோதித்துப் பார்த்தாகிவிட்டது. ஆனால் அந்த அறையில் அத்தனை முகமும் அந்தப் புள்ளிகளைப் பார்த்த விதத்தை என்னவென்று சொல்வது? கும்பிடுகிறவர்களின் முகம் அது.

"அந்தப் பொண்ணையும் பெட்டியையும் இவகிட்ட குடுத்து அனுப்புங்க. பெட்டி வெயில்ல கெட்டுப்போயிடும், அடுத்த ஊருக்காவது ஆகும். நான் இங்கயே இருக்கேன். அஞ்சு நாளும்."

தண்டபாணி யோசித்தார். நேற்று முடிந்ததைவிட இன்று இருப்பது மேல் என்ற கணக்கு அவருக்கும் வந்திருக்க வேண்டும். கட்டை அவிழ்த்து, பெட்டியையும் என் கையில் கொடுக்கச் சொன்னார்.

மோனிஷாவைத் தூக்கி நிறுத்தும் சாக்கில் மேடம் என் காதருகே வந்தார். "இவ ஊர் எல்லையைத் தாண்டினதும் டி.வி.யில உண்மையைச் சொல்லிடு. என்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு. ஈரோட்டுலேர்ந்து புது ஊற்று ஒருத்தரை வரவழைச்சிருக்கேன், அரசுப் பள்ளிக்கூடத்துல உட்கார வைப்பாங்க. கூட்டம் இங்கேர்ந்து அங்க போயிடணும்."

"சொன்னா உங்களைக் கொன்னுடுவாங்க மேடம்."

"ரெண்டு அடி அடிப்பாங்க. அப்புறம் புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாங்க. பெத்தவங்க ஜெனி. கோபத்துக்கு அவங்களுக்கு நேரம் இருக்காது." அந்த நேரத்திலும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாத்தையும் திருத்திடலாம். ஒரு அறிக்கை போதும்."

நாங்கள் வாசலைத் தாண்டும்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த விறகை ஒடிப்பது போல. அதைத் தொடர்ந்து மேடத்தின் அலறல்.

"மன்னிச்சுக்கோங்க டாக்டரம்மா" என்று தண்டபாணி சொல்வது கேட்டது. "ஓடிரக் கூடாதில்லீங்களா. இன்னொரு காலை ஒண்ணும் பண்ணலீங்க."

ஜீப் பக்கம் வந்தபோது மோனிஷா சாக்கடையைப் பார்த்தாள். நான் மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் அழவில்லை. போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சட்டையை இழுத்து முதுகை மூடினாள். அதற்குள் ஆற்றுமேட்டுக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். "ஊற்று வெளிய வந்துருச்சு டோய்!" என்று ஒரு கூட்டம் ஓடி வந்தது. சித்தநாதன் வானத்தைப் பார்த்துச் சுட்டார். நிற்கவில்லை. பிறகு ஆட்களைப் பார்த்துச் சுட்டார். முன்னால் வந்த இரண்டு பேர் விழுந்தார்கள், மூன்றாமவன் அவர்களைத் தாண்டிக்கொண்டு வந்து என் தலைமுடியைப் பிடித்தான். ஒரு போலீஸ்காரர் துப்பாக்கிக் கட்டையால் அவன் வாயில் குத்தினார். அவன் பல் என் கன்னத்தில் வந்து விழுந்தது. மோனிஷாவையும் பெட்டியையும் காத்திருந்த ஆம்புலன்சுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினோம். அது போய்விட்டது. இன்றைக்கும் அவள் உயிரோடு இருக்கிறாள். எங்கே என்று சொல்ல மாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் மேடம் சொன்னபடியே எல்லாம் தயாராக இருந்தது. ஈரோட்டுக்காரர் பெயர் நாச்சிமுத்து, ஓய்வுபெற்ற தபால்காரர். அன்று காலையில்தான் கொப்புளம் போட்டிருந்தது. கூடத்தின் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பாய் விரித்து, பிள்ளைகளுக்குப் பிஸ்கட் எல்லாம் வைத்திருந்தார்கள். நான் கேமரா முன்னால் நின்று, மனப்பாடம் செய்யாமல், முதல் முறையாக ஒன்றையும் மறைக்காமல் பேசினேன். "டாக்டர் மரகதவல்லி ஊசி போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றப் பொய் சொன்னார். அவருடைய மூச்சில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. உண்மையான ஊற்று இங்கே இருக்கிறார். கதவு திறந்திருக்கிறது. வாருங்கள்."

எல்லாச் சேனலிலும் போட்டார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. நான் வாசலில் நின்று சாலையைப் பார்த்தேன்.

ஒருவரும் வரவில்லை.

"என்னுங்க, நான் சும்மா உட்கார்ந்திருக்கறனே?" என்று நாச்சிமுத்து உள்ளேயிருந்து கேட்டார். அவர் விட்ட ஒவ்வொரு மூச்சும் வீணாகிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கான்ஸ்டபிள் தன் போனைக் காட்டினார். ஊர் முழுக்க ஒரே செய்தி சுற்றிக்கொண்டிருந்தது: 'டாக்டரம்மாவை நம்மகிட்டேர்ந்து பிடுங்கப் பாக்கறாங்க. பள்ளிக்கூடத்துல இருக்கறது டூப்பு. யாரும் போகாதீங்க.'

என் குரலில் போன வாரம் அவர்கள் கேட்ட பொய், இந்த வாரம் சொன்ன உண்மையைத் தின்றுவிட்டது. கான்ஸ்டபிளைத் தள்ளிவிட்டுக் காலனிக்கு ஓடினேன்.

சண்டை நின்றிருந்தது. காலனிக்காரர்களும் ஆற்றுமேட்டுக்காரர்களும் சமாதானமாகிவிட்டார்கள். தண்டபாணி மூங்கில் கட்டி வரிசை போட்டிருந்தார், ரேஷன் கடை மாதிரி. வரிசை காலனியைத் தாண்டி, ஜீப்பைத் தாண்டி, கோகுல் கிடந்த சாக்கடையைத் தாண்டி நின்றது. நடுவில் புகுந்த ஒருவனை இரண்டு பேர் பிடித்து முகத்தைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்காக ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோர் இடுப்பிலும் பிள்ளை.

ஒரு பெண்ணின் கையைப் பிடித்தேன். மூன்று வயதுப் பெண்குழந்தை வைத்திருந்தாள். "அம்மா, நான் அந்த டாக்டரோட ஆபீஸ்தான். சத்தியமா சொல்றேன், அவங்ககிட்ட ஒண்ணும் இல்லை. பள்ளிக்கூடத்துல நிஜமான ஆள் இருக்கார். என்கூட வாங்க."

அவள் என்னை நம்பப் பார்த்தாள். நிஜமாகவே நம்பப் பார்த்தாள். "அங்க ரொம்பக் கூட்டமுங்களா?"

"கூட்டமே இல்லை. ஒருத்தருமே இல்லை. நேரா உள்ள போயிடலாம்."

சொன்ன உடனே அவள் முகம் மூடிக்கொண்டது.

"நல்லதா இருந்தா ஒருத்தர்கூட இல்லாமயா இருக்கும்?" என்று கையை விடுவித்துக்கொண்டாள். "எங்களைப் பார்த்தா எப்படிங்க தெரியுது உங்களுக்கு?"

எனக்குப் பைத்தியம் பிடித்தது. குழந்தையைப் பிடித்து இழுத்தேன். ஆம், இழுத்தேன், அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. அவள் என் முகத்தில் ஓங்கி அறைந்தாள். பின்னாலிருந்து யாரோ இடுப்பில் உதைத்தார்கள். விழுந்தவளை இன்னும் நாலைந்து பேர் உதைத்தார்கள். விலா ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகு என்னைக் காலைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு வரிசைக்குத் திரும்பினார்கள், இடம் போய்விடக் கூடாதே.

அங்கிருந்து அந்த வீட்டின் ஜன்னல் தெரிந்தது. மேடத்தின் குரல் வந்தது. தன் அறிக்கையை அவரே கத்திக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட ஒண்ணும் இல்லை! நான் பொய் சொன்னேன்! பள்ளிக்கூடத்துக்குப் போங்க! புள்ளைங்க செத்துடும், போங்க!"

"வாயைக் கட்டிரலாமுங்களா?" என்று உள்ளே ஒருவர் கேட்டார்.

"ஏனப்பா கட்டோணும்?" இது தண்டபாணி. "கத்தட்டும் விடு. கத்தறப்பத்தான் மூச்சு நல்லா வெளிய வருது. புள்ளைகளை இன்னும் கிட்டக்கக் கொண்டு போங்க."

வரிசை ஓர் அடி நகர்ந்தது. என்னை அறைந்த பெண் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அதன் முகத்தை முந்தானையால் துடைத்தாள்.

"கண்ணு, அந்த டாக்டரம்மா கத்தறப்ப நீ வாயை நல்லாத் தொறந்துக்கோணும். என்ன?"

குழந்தை தலையை ஆட்டிவிட்டு, எப்படி என்று வாயைத் திறந்து காட்டியது.